எகிப்துக்குக் கப்பலேறிய தூள்

1977 பிப்ரவரி வரைக்கும் வடிவம்மாளுக்கு எகிப்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. ஈப்போவுக்கு மேலே மலையில், கோலா தெர்லா ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே ஏறினால் வரும் மூங்கில்மலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, மூன்று பிள்ளை பெற்று, முப்பத்தெட்டு வயதில் தேயிலைத் தொழிற்சாலையின் சல்லடை ரூமில் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தாள். காய்ந்த தேயிலையில் கிடக்கும் காம்பையும் நாரையும் விரலால் தேடி எடுக்கிற வேலை அது. விரல் வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லாததால் வாயும் வேலை செய்தது.

அந்த வாய்க்குத் தோட்டமே கொஞ்சம் ஒதுங்கி நடக்கும். தீமிதித் திருவிழாவில் கோயில் தலைவர் உடம்பெல்லாம் சந்தனத்தோடு மேடையேறி, "அம்மன் நேத்து என் கனவுல வந்து நின்னா..." என்று உருகியபோது, "அம்மனுக்கு வேற போக்கிடம் இல்லையா?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டவள் அவள். அவள் புருஷன் சின்னக்கருப்பன் தோட்டத்து லாரி ஓட்டுகிறவன். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவன் பேசியதையெல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதிவிட்டு, மிச்ச இடத்தில் சுகம் விசாரிக்கலாம். பேச்சுக்குப் பதிலாக அவன் வாய்க்குள் தேத்தண்ணி போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு ஒன்பது குவளை.

அதற்குத் தோட்டம் வழி செய்திருந்தது. வெள்ளைக்கார துரைகள் காலத்திலிருந்து ஆளுக்கு மாதம் ஒரு பவுண்டு தூள் இலவசம். நல்ல இலை பெட்டியில் அடைபட்டு மலையிறங்கும். சல்லடைக்கு அடியில் மாவு மாதிரி உதிர்ந்தது தொழிலாளிகளின் லயத்துக்கு வரும். வெள்ளைக்கார துரை போய், ஈப்போவிலிருந்து விஜயன் துரை வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. துரையின் நிறம் மாறியதே ஒழிய, பங்களாவும் நாயும், விடியலில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கிற நிலையும் மாறவில்லை.

அந்தப் பிப்ரவரியில் ஒரு காலைப் பெரட்டில், பனிமூட்டத்துக்குள்ளிருந்து துரையின் குரல் மட்டும் வந்தது.

"எகிப்துல கலாட்டா. அதனால இந்த மாசத்திலேருந்து இலவசத் தூள் இல்ல. சனிக்கிழமை வேலையும் இல்ல."

களத்தில் நின்றது நானூறு பேர். எகிப்தில் யாரோ அடித்துக்கொண்டதற்குத் தன் மூக்கில் ஏன் இரத்தம் வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. வடிவம்மாள் பெரட்டு கலைந்ததும் நேராக ஆபீசுக்குப் போய், கணக்கெழுதும் கிராணி கந்தசாமியின் மேசை முன்னால் நின்றாள். கந்தசாமிக்குப் பேப்பர் படிக்கிற பழக்கம் உண்டு. படித்ததைச் சொல்ல ஆள் கிடைக்காத வருத்தமும் உண்டு.

"ஐயா, எகிப்துக்கும் என் வீட்டுக்காரரு தேத்தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?"

கந்தசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்றேன், குறுக்க பேசாத. அந்த ஊரு சர்க்காரு ரொட்டி, சீனி, அரிசி, தேயிலை எல்லாத்துக்கும் பாதிக் காசைத் தான் போட்டு, ஜனங்களுக்கு மலிவா குடுத்துக்கிட்டிருந்துச்சு. பழைய சண்டைச் செலவு வேற. கடன் ஏறிப்போச்சு. கடன் குடுத்த எடத்துல, 'இப்படி வாரி விட்டா நாங்க எப்ப காசைப் பார்க்கிறது, நிறுத்து'ன்னுட்டாங்க. போன மாசம் நிறுத்தினாங்க. ஒரே ராத்திரியில வெலை ஏறிச்சு. மறுநாள் ஜனங்க தெருவுல எறங்கிட்டாங்க."

"அப்புறம்?"

"ரெண்டு நாள் ஊரே எரிஞ்சுது. ஏத்துன வெலைய எறக்கிட்டாங்க. இப்ப கையில காசில்ல, வெளியூர்ச் சரக்கு வாங்குறதை நிறுத்தி வச்சிருக்காங்க. நம்ம சரக்கைப் பினாங்குத் தரகரு அங்கதான் அனுப்புவாரு. இப்ப பெட்டியெல்லாம் கிடங்குல தூங்குது."

வடிவம்மாள் காதில் விழுந்தது ஒன்றுதான். "ரெண்டே நாள்ல எறக்கிட்டாங்களா?"

"நெறையப் பேரு செத்துப்போனாங்க, வடிவம்மா," என்றார் கந்தசாமி. "அதையும் கேட்டுக்க."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "சாகாம பண்ற வழிய நாங்க பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சல்லடை ரூமில் அவளோடு முப்பத்தொன்பது பெண்கள். மறுநாள் காலையிலிருந்து அந்த நாற்பது பேரும் குச்சி பொறுக்குவதில் அப்படி ஒரு பக்தியைக் காட்டினார்கள். ஒவ்வொரு இலையையும் எடுத்து, வெளிச்சத்தில் காட்டி, திருப்பிப் பார்த்து, பக்கத்துக்காரியிடம் அபிப்பிராயம் கேட்டு, அப்புறம் வைத்தார்கள். ஒரு நாளைக்கு முப்பது பெட்டி நிரம்புகிற இடத்தில் இரண்டு நாளில் நான்கு பெட்டி நிரம்பியது. எகிப்தில் நடந்தது இங்கேயும் நடக்கும் என்று வடிவம்மாள் மூன்றாம் நாள் காத்திருந்தாள்.

மூன்றாம் நாள் துரை வந்தார். கையில், முந்தின நாள் சாயங்காலம் சரக்கைப் பார்க்க மலையேறி வந்த பினாங்குத் தரகர் விட்டுப்போன கடுதாசி. அந்த நான்கு பெட்டியைப்போல் சுத்தமான சரக்கைத் தான் இந்த மலையிலிருந்து பார்த்ததே இல்லை என்று தரகர் எழுதியிருந்தார். துரை மனதாரப் பாராட்டினார். இனிமேல் இதே சுத்தம் வேண்டும் என்றார். வேகம் மட்டும் பழைய வேகம் வேண்டும் என்றார். இரண்டு நாள் குறைந்த வேலைக்குச் சம்பளத்தில் பிடித்தமும் போட்டார்.

"எகிப்துக்காரங்களுக்கு வாய்ச்ச மந்திரிங்க நமக்கு வாய்க்கலக்கா," என்றாள் பக்கத்துத் தட்டில் பொறுக்கும் அம்மாக்கண்ணு.

தூள் நின்றதே தவிர தேத்தண்ணி நிற்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு சிட்டிகை முந்தானையில் முடிந்துகொண்டார்கள். பத்து மணி இடைவேளைக்குத் தொழிற்சாலைக்குப் பின்னால் மூன்று கல் கூட்டிக் கெட்டில் ஏறியது. இதைத் திருட்டு என்று வடிவம்மாள் ஒத்துக்கொள்ளமாட்டாள். குடுக்கிறதை நிறுத்தினது துரை. எடுக்கிறதை நிறுத்தச் சொல்லி யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்பது அவள் கட்சி.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் எகிப்திலிருந்து ஒரு மனிதர் வந்தார். பெயர் ஹசனைன். சர்க்காருக்குத் தேயிலை வாங்கிக் கொடுக்கிற உத்தியோகஸ்தர். மறுபடி வாங்கலாமா என்று பார்க்கத் தரகர் அழைத்து வந்திருந்தார். துரை ஒரு வாரம் தோட்டத்தையே கழுவினார். தொழிற்சாலைச் சுவருக்கு வெள்ளையடித்து, குரோட்டன் செடியைக்கூடக் குளிப்பாட்டினார்.

ஹசனைன் வெயில் ஊர்க்காரர். கோட்டுக்கு மேல் கோட்டு போட்டும் மலைக்குளிரில் மீசை நடுங்கியது. ருசி பார்க்கும் மேசையில் இருபது வெள்ளைக் கிண்ணத்தில் தோட்டத்தின் உயர்ந்த சரக்கையெல்லாம் ஊற்றி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் உறிஞ்சினார், துப்பினார், நகர்ந்தார். இருபதாவது கிண்ணத்தையும் துப்பிவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கிராணி கந்தசாமி பிறகு லயத்தில் வந்து சொன்னதன்படி, அவர் சொன்னது இது: "வாசனை நல்லாருக்கு. வெந்நீர்ல யாரோ தேயிலை பேரைச் சொல்லிட்டுப் போன மாதிரி இருக்கு."

மனசு விட்டுப்போய், காலுக்குச் சூடு வரட்டும் என்று தொழிற்சாலையைச் சுற்றி நடந்தவர், பின்பக்கம் திரும்பினார். மூன்று கல்லின் மேல் கரிக்கட்டையாகக் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றி நாற்பது பெண்கள். ஒருத்திக்கும் எழுந்து ஓட நேரமில்லை. ஹசனைனுக்குப் பின்னால் துரை, துரைக்குப் பின்னால் கந்தசாமி.

ஹசனைன் கெட்டிலைக் காட்டினார். தன் நெஞ்சைக் காட்டினார். மொழி தேவைப்படவில்லை.

துரையின் கண் கெட்டிலுக்குப் பக்கத்தில் விரித்திருந்த முந்தானைத் தூளின் மேல் இருந்தது. வடிவம்மாள் துரையைப் பார்த்தாள், விருந்தாளியைப் பார்த்தாள். ஆனது ஆகட்டும் என்று ஒரு கண்ணாடிக் குவளையை அலசி, தார் மாதிரிக் கறுத்த தேத்தண்ணியை ஊற்றி, நாலு கரண்டி சீனி போட்டுக் கொடுத்தாள். பால் இல்லை. பால் வாங்க யாரிடம் காசு இருந்தது?

அவர் ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். குவளை காலியானதும் நீட்டினார். இரண்டாவதும் காலியானது. பிறகு துரையைத் திரும்பிப் பார்த்து, இது என்ன ரகம் என்று கேட்டார்.

விஜயன் துரைக்கு வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான கேள்வி வந்ததில்லை. தரையில் கூட்டி எடுத்ததிலிருந்து திருடியது என்று எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

"தூள்," என்றார் கடைசியில்.

"நாற்பது டன்," என்றார் ஹசனைன்.

பிறகு அவர் ஒரு பலகைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து மூன்றாவது குவளையை வாங்கிக்கொண்டார். வடிவம்மாள் விடவில்லை. "ஐயா, கேளுங்க அவரை. ரெண்டு நாள்ல வெலைய எறக்கினாங்களே, அப்ப இவரு எங்க இருந்தாரு?"

கந்தசாமி துரை முகத்தைப் பார்த்து, அஞ்சி அஞ்சிக் கேட்டார். ஹசனைன் வாய்விட்டுச் சிரித்தார். கந்தசாமி தமிழில் சொன்னார்: "வெலைய ஏத்தின ஆபீசுலதான் இவரு வேலையாம். கதவைப் பூட்டிக்கிட்டு மேசைக்கு அடியில ஒளிஞ்சிருந்தாராம். சன்னல்ல கல்லு விழுந்துச்சாம். சாயங்காலம் வீட்டுக்குப் போனா, சம்சாரம் கை வலிக்குதுன்னு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்களாம்."

நாற்பது பெண்களும் சிரித்த சிரிப்பில் கெட்டில் மூடி அதிர்ந்தது. துரைகூடச் சிரித்தார். அதனால் முந்தானைத் தூளைப் பற்றி அன்றைக்கு அவரால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

கேட்காமல் விட்டதை அடுத்த மாதம் செய்துவிட்டார். தூளுக்கு விலை வந்துவிட்டது. சனிக்கிழமை வேலை திரும்பி வந்தது, அதுவரைக்கும் சந்தோஷம். ஆனால் இலவசத் தூள் வரவில்லை. தூளுக்கு இப்போது காவல். வாசலில் ஜாகா என்று ஒரு காவல்காரனைப் போட்டார்கள். ஆண்களின் சாப்பாட்டு அடுக்கை அவன் திறந்து பார்த்தான். பெண்களுக்கு அவன் பெண்டாட்டியை நிறுத்தி முந்தானையை உதறச் சொன்னார்கள். சிட்டிகைக்குக்கூட வழியில்லை. கூட்டிக் குப்பையில் போட்ட வரைக்கும் தூள் தொழிலாளிக்குச் சொந்தமாயிருந்தது. கப்பலேறும் மதிப்பு வந்ததும் அது துரைக்குச் சொந்தமாகிவிட்டது.

"ஒன் கெட்டில்தான்க்கா எங்க தூளைக் கப்பலேத்துச்சு," என்றாள் அம்மாக்கண்ணு. விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அடுத்த நாள் வேறொருத்தி அதையே விளையாட்டில்லாமல் சொன்னாள். தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நின்று நின்று போனது. வாழ்க்கையில் முதன்முறையாக வடிவம்மாளுக்குப் பதில் வாயில் வரவில்லை, ஏனென்றால் அவர்கள் சொன்னது நிஜம்.

அதைவிட மோசம் சின்னக்கருப்பன். பிரிஞ்சாங் டவுனில் கடைத்தூள் வாங்கினால் மாதம் பாதிக்குமேல் தாங்கவில்லை. மிச்ச நாளில் அவன் வெந்நீரில் சீனி போட்டுக் குடித்தான். ஒருநாள் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவன் சொன்னான்: "வெந்நி நல்லாத்தான் இருக்கு."

திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அன்றைக்குச் சாயங்காலமே கிராணி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அந்த எகிப்துக்காரரு விலாசம் இருக்கா ஐயா? ஒரு கடுதாசி போடணும்."

கந்தசாமி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "துரைக்குத் தெரிஞ்சா என் சீட்டைக் கிழிச்சிடுவாரு லா."

"தேத்தண்ணி ருசியாருந்துச்சான்னு நலம் விசாரிக்கிறதுக்கு எவன் சீட்டைக் கிழிப்பான்? எழுதுங்க. நீங்க குடிச்ச தேத்தண்ணிய ஊத்துன எங்களுக்கு இப்ப குடிக்கத் தேத்தண்ணி இல்ல. நீங்க வாங்குனதுனாலதான் இல்ல. ஒங்க சம்சாரத்துக்கிட்ட இதைச் சொல்லுங்க, நீங்க ஏதாச்சும் பண்ணாட்டியும் அவங்க பண்ணுவாங்க."

கந்தசாமி எழுதி முடித்து மரியாதையாக மடித்தார். அவள் விரித்துக் கொடுத்து, திருப்பித் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னாள். சம்சாரம் விஷயத்தை அவர் விட்டிருந்தார். மறுபடி எழுத வைத்தாள். தபால் தலைக்கு அவளே காசு கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்துத் துரை அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் வெளிநாட்டுக் கடுதாசி. அடுத்த ஒப்பந்தம் போட ஹசனைன் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அனுப்பிய தூளில் பாதி, தான் குடித்த ருசியில் இல்லை. இனிமேல் சரக்கின் ஒவ்வொரு பங்கும் கப்பலேறுமுன் அன்றைக்குத் தேத்தண்ணி ஊற்றிய அம்மாள் அதே கெட்டிலில் காய்ச்சி, சரி என்று சொல்ல வேண்டும்.

"இது எப்படி வந்துச்சு?" என்றார் துரை.

"தபால்ல வந்திருக்கும் ஐயா."

துரை கடுதாசியை மடித்து இழுப்பறையில் போட்டார். "சரி. வாரம் ஒரு பங்கு. நீ ஒரு குவளை குடிச்சுப் பார்த்துச் சொல்லு."

"நான் மட்டும் எப்படி ஐயா? ஒரு நாக்கு பொய் சொல்லும். சளி பிடிச்சிருக்கும், வெத்தலை போட்டிருக்கும். நாப்பது நாக்கு பொய் சொல்லாது. கெட்டிலும் பெரிசா வேணும்."

அப்படித்தான் மூங்கில்மலையில் வாரா வாரம் 'சோதனை' என்று ஒன்று ஆரம்பித்தது. நாற்பது பேர் குடித்தார்கள். சோதனை மிச்சம் என்று மீதித் தூளைப் பொட்டலம் கட்டி முறை வைத்து வீட்டுக்குக் கொண்டு போனார்கள். ஜாகாவின் பெண்டாட்டிக்கும் ஒரு முறை. துரை கணக்குப் பார்த்தாரோ என்னவோ, நாற்பது டன்னுக்கு முன்னால் அது பெரிதாகத் தெரியவில்லை.

வேடிக்கையாக ஆரம்பித்ததை வடிவம்மாள் போகப்போக வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. 1980 மழைக்காலத்தில் ஒரு பங்கில் அவளுக்குப் புகைநெடி அடித்தது. இலை காயவைக்கும் அடுப்புக்கு ஈர விறகு போட்டிருக்கிறார்கள். "ஆகாது," என்றாள்.

"நாக்குல ஒண்ணும் தெரியலியேக்கா," என்றாள் அம்மாக்கண்ணு. "விட்டுரு. இது போகாட்டி சனிக்கிழமை வேலைய நிறுத்திருவாங்க."

"நாப்பது நாக்கு பொய் சொல்லாதுன்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன். இப்ப நீங்க அதைப் பொய்யாக்காதீங்க."

துரை கத்தினார். வடிவம்மாள் அசையவில்லை. கடைசியில் அவரே ஒரு குவளை ஊற்றச் சொல்லிக் குடித்தார். பாதியில் கீழே வைத்தார். அந்தப் பங்கு எகிப்துக்குப் போகவில்லை. இரண்டு சனிக்கிழமை வேலையும் போயிற்று. அந்த இரண்டு வாரமும் குழாயடியில் அவளுக்கு வழிவிட ஆள் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனாள்.

ஹசனைன் வருஷத்துக்கு ஒரு கடுதாசி போட்டார். கந்தசாமி வாசித்துச் சொல்வார். இப்போது அங்கே ரேஷன் அட்டையைப் பச்சை, சிவப்பு என்று பிரித்துவிட்டார்கள். இல்லாதவனுக்குப் பச்சை, கொஞ்சம் இருக்கிறவனுக்குச் சிவப்பு. மறுபடி விலையை ஒரேயடியாக ஏற்ற எவனுக்கும் தைரியமில்லை. அதனால் ரொட்டியை ஏற்றாமல் ரொட்டியின் அளவையும் தரத்தையும் சத்தமில்லாமல் மாற்றுகிறார்கள்.

"அட, இத நம்ம கடைக்காரங்க ரொம்ப நாளா பண்றாங்களே," என்றாள் வடிவம்மாள். "இதுக்குப் போயி மந்திரின்னு ஒருத்தனுக்குச் சம்பளமா?"

1986-ல் எண்ணெய் விலை விழுந்தது. இந்த முறை கிராணியைக் கேட்காமலே பாதி அவளுக்குப் புரிந்தது. பக்கத்து எண்ணெய் நாடுகளுக்கு வேலைக்குப் போன எகிப்துக்காரர்கள் அனுப்புகிற பணம் குறைந்துவிட்டது, சர்க்காரிடம் வெளியூர்க் காசு இல்லை, சீர்திருத்தம் என்ற பெயரில் மறுபடி எல்லாவற்றிலும் கத்தரி. கொள்முதல் நின்றது. ஹசனைனுக்கும் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தன் கடைசிக் கடுதாசியில், வீட்டில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பதால் சம்சாரத்துக்குத் தன்மேல் ஆத்திரம் என்று எழுதியிருந்தார்.

இங்கேயும் ஈயமும் ரப்பரும் விலை விழுந்துகிடந்த வருஷம். கிடங்கில் தூள் மூட்டை கூரையைத் தொட்டது. ஒரு காலைப் பெரட்டில் துரை அறிவித்தார்: "இந்த மாசத்திலேருந்து ஆளுக்கு ரெண்டு பவுண்டு தூள் இலவசம்." நானூறு பேரும் கைதட்டினார்கள். சின்னக்கருப்பன் சிரித்ததைப் பார்த்ததாக இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள்.

வடிவம்மாள் கைதட்டவில்லை. எட்டு வருஷம் ருசி சொன்னவள், மறுநாளிலிருந்து பழையபடி குச்சி பொறுக்க வேண்டும். அவளுக்கு நாற்பத்தேழு வயது. பத்து நாள் பொறுக்கினாள். பதினோராவது நாள் ஆபீசுக்குப் போனாள்.

"எகிப்து வாங்காட்டி வேற மனுசனே இல்லையா ஐயா? பிரிஞ்சாங்குல தேத்தண்ணி குடிக்கிறவன் எத்தன பேரு? சின்னப் பொட்டலமா கட்டுவோம். சனிக்கிழமை சாயங்காலம் பாசார்ல நான் உக்கார்றேன். லாரியில என் வீட்டுக்காரரு எறக்கி விடட்டும்."

துரைக்கு இழக்க ஒன்றுமில்லை. ஒப்புக்கொண்டார். உற்சாகத்தில் பொட்டலத்துக்கு ஈப்போவில் ஒரு படமும் வரையச் சொன்னார். கூடை சுமந்த பெண் ஒருத்தி, முத்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு கொழுந்து கிள்ளுகிறாள்.

"இவ யாரு?" என்றாள் வடிவம்மாள்.

"நம்ம தோட்டத்துப் பொம்பள மாதிரி."

"அட்டை காலைக் கடிக்கையில இப்படிச் சிரிச்ச பொம்பளைய நான் பார்த்ததில்ல. படமும் வேணாம் ஒண்ணும் வேணாம். எடைய மட்டும் பெரிசா போடுங்க, சரியாவும் போடுங்க. சனிக்கிழமைக்கு எனக்கு முழு நாள் சம்பளம்."

"சாயங்காலம் மட்டும்தானே வடிவம்மா?"

"காலையில பொட்டலம் கட்டுறது யாரு ஐயா, நீங்களா?"

முழு நாள் சம்பளம் வந்தது. முதல் சனிக்கிழமை முப்பத்தொரு பொட்டலம் போயிற்று. இரண்டாவது வாரம் மழை, ஒன்பதுதான். மூன்றாவது வாரத்திலிருந்து கெட்டிலையும் கொண்டுபோனாள். குளிரில் கைகட்டி வருகிறவர்களுக்கு ஒரு வாய் சும்மா ஊற்றிக் கொடுத்தாள். கியா பார்ம் காய்கறித் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் லாரியோடு வருகிற ஆட்கள் அதற்கென்றே நிற்க ஆரம்பித்தார்கள். பேரம் பேசியவர்களுக்கு ஐந்து காசுகூடக் குறைக்கவில்லை. கந்தசாமி ஓய்வு பெற்று ஈப்போவுக்குப் போனபின் எகிப்துக்குக் கடுதாசி எழுத ஆள் இல்லாமல் போயிற்று. அதற்கு முன்னால் அவர் கையால் அவள் கடைசியாக எழுதச் சொன்னது சின்ன வரிதான். ஹசனைனை வீட்டில் சும்மா உட்காராமல் வாசலில் ஒரு கெட்டிலைப் போடச் சொல்லி எழுதுங்கள் என்றாள். பதில் வந்ததா என்று தெரியவில்லை. சனிக்கிழமைகளில் அவளுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமுமில்லை.